வார்டு வானொலி: சொன்னால் வரவேண்டும்!

(மூன்றாம் ஆண்டு, மின்னணு மற்றும் தொடர்பியல் துறை)



ஆண்டு மலருக்குக் கட்டுரை தரலாம் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டிய அன்றைக்கே நண்பர்கள் ‘நட்பு’, ‘அன்னை’, ‘இளைஞர் கையில் நாளைய பாரதம்’ என்று நல்ல தலைப்பாகப் பார்த்துப் பிரித்துக்கொண்டார்கள். எனக்கு மிஞ்சியது ஒரு புகார். நம் மாணவர் பேரவை மீது, நம் நாட்டு நலப்பணித் திட்ட அணி மீது, எல்லாவற்றுக்கும் மேலாக என் மீதே எனக்கு இருக்கிற புகார்.

“நம்ம காலேஜ் பசங்க ஆஸ்பத்திரியில ரேடியோ நடத்தினாங்களாமே?” என்று உங்களில் பலர் கேட்டிருப்பீர்கள். நடத்தினோம். மொத்தம் பதினொரு ஞாயிற்றுக்கிழமை. பிறகு நின்றுபோனது. நடத்தினதைப் பற்றி ஆண்டறிக்கையில் இரண்டு வரி வந்துவிடும். நின்றுபோனதைப் பற்றி யாரும் எழுதமாட்டார்கள். அதனால் நான் எழுதுகிறேன்.

அக்கரையில் எப்படி நடக்கிறது?

இந்த யோசனை எங்கள் மூளையில் தானாக உதித்தது என்று பொய் சொல்ல விரும்பவில்லை. செமினாருக்காக ஒலிபரப்பின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது கிடைத்தது. இங்கிலாந்தில் பி.பி.சி. தொடங்கியது 1922-ல். மூன்றே வருடத்தில், 1925-ல், யார்க் நகரத்து மருத்துவமனையில் 200 படுக்கைகளுக்கு ஹெட்போனும், கூடவே 70 ஒலிபெருக்கிகளும் பொருத்தி நோயாளிகளைக் கேட்க வைத்திருக்கிறார்கள். அதற்கும் முன்னால் 1919-லேயே அமெரிக்காவில் வாஷிங்டன் நகரத்து வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையில் வானொலி வைத்திருக்கிறார்கள். நம் தாத்தாவுக்கு அப்பா காலத்துச் சங்கதி!

பிற்பாடு அந்த நாட்டில் இது தனி இயக்கமாகவே வளர்ந்துவிட்டது. மருத்துவமனைக்குள்ளேயே ஒரு சின்ன அறை. அதில் ஒரு மைக், இரண்டு ரெக்கார்டு பிளேயர். நடத்துகிறவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. பகலில் வேறு வேலை பார்ப்பவர்களும் மாணவர்களும் சாயங்காலம் வருவார்கள். முதலில் காகிதமும் பேனாவுமாக வார்டு வார்டாக நடந்து, ஒவ்வொரு படுக்கையிலும் “உங்களுக்கு என்ன பாட்டு வேண்டும்?” என்று கேட்டு எழுதிக்கொள்வார்கள். பிறகு அறைக்குத் திரும்பி, பெயரைச் சொல்லி அந்தப் பாட்டைப் போடுவார்கள். 1979-ல் கார்ஷல்டன் என்ற ஊரில் குழந்தைகள் மருத்துவமனையில் ‘ரேடியோ லாலிபாப்’ என்று ஒன்று தொடங்கியது. அதன் தொண்டர்கள் பாட்டுப் போடுவதோடு வார்டுக்குள் போய்க் குழந்தைகளோடு விளையாடவும் செய்தார்கள். பிறகு அது வேறு நாடுகளுக்கும் பரவியது.

2020-ல் கொரோனா வந்து, தொண்டர்கள் வார்டுக்குள் கால் வைக்கவே முடியாது என்ற நிலை வந்தது. அப்போதும் பலர் வீட்டிலிருந்தபடியே நிகழ்ச்சி தயாரித்து அனுப்பினார்கள். இதைப் படித்தபோது “ஆகா” என்று தாண்டிப் போய்விட்டேன். இதுதான் முக்கியமான இடம் என்று அப்போது உறைக்கவில்லை.

முதல் ஞாயிறு பட்ட அவமானம்

எங்கள் ஊர் அரசு மருத்துவமனையில் ஆண்கள் எலும்பு முறிவு வார்டுக்கு அனுமதி கிடைத்தது. எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் செய்து ஆஸ்பத்திரி முழுக்க ஒலிபரப்பிவிடலாம் என்று ஒரு நண்பன் துள்ளினான். உரிமம் இல்லாமல் காற்றில் ஒலிபரப்புவது குற்றம் என்று லேப் சார் தடுத்துவிட்டார். 2004-லேயே வளாக வானொலி தொடங்கிய அண்ணா பல்கலைக்கழகத்துக்கே அரசு உரிமம் தேவைப்பட்டது, நாம் எம்மாத்திரம்? எனவே ஒயர் மூலம்தான் என்று முடிவானது.

அந்த உற்சாகத்தில் நாங்கள் செய்த காரியம்... கல்லூரி விழாவுக்கு வைக்கிற பெரிய பெட்டி ஸ்பீக்கரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய் வார்டு வாசலில் நிறுத்தினோம். “இனிய மதிய வணக்கம்!” என்று மைக்கில் ஆரம்பித்தான் நண்பன். பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது. உள்ளேயிருந்து ஒருவர் ஓடி வந்தார். “அங்க என் தம்பி ராத்திரி பூராம் வலியில துடிச்சு இப்பத்தான் கண்ணு அசந்தான். உங்களுக்குப் பாட்டு கேக்குதாய்யா?” என்று கத்தினார். சிஸ்டர் வந்து பிளக்கைப் பிடுங்கிவிட்டார். தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு ஒயரைச் சுருட்டினோம்.

அப்போது வார்டைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா ஒருவர் மாப்பைச் சுவரில் சாய்த்துவிட்டு வந்து, “ஏம்ப்பா, பஸ்ஸுல பிள்ளைக காதுல மாட்டிக்கிட்டுப் போகுதுகளே, அதைக் குடுங்களேன். வேணுங்குறவுக கேக்கட்டும், வேணாங்குறவுக தூங்கட்டும்” என்றார்.

1925-ல் யார்க் நகரத்தில் கண்டுபிடித்ததை, ஒரு புத்தகமும் படிக்காத அவர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார். “அந்தக்கா சொல்றதுதான்டா கரெக்ட்டு” என்றான் நண்பன்.

இதை எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். அவர் என் அம்மா. அந்த ஆஸ்பத்திரியில் ஒன்பது வருடமாக ஒப்பந்தத் துப்புரவுப் பணியாளர். நாங்கள் உள்ளே நுழைந்தபோதே அவரைப் பார்த்துவிட்டேன். பார்க்காத மாதிரி ஒயரைக் குனிந்து பிரித்துக்கொண்டிருந்தேன். அவரும் அதைப் புரிந்துகொண்டு, யாரோ மாதிரி “ஏம்ப்பா” என்று பொதுவாகக் கூப்பிட்டுத்தான் பேசினார். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். தாண்ட வைத்தது அந்த மாப்பு. அதைப் பார்த்து எனக்கு வெட்கம்! ஸ்பீக்கரை ஆட்டோவில் ஏற்றும்போதுதான் நண்பனிடம், “அது எங்கம்மாடா” என்றேன். அவன் ஒன்றும் பேசாமல் திரும்ப உள்ளே போய், “அம்மா, அடுத்த வாரம் ஹெட்போனோட வர்றோம்மா” என்று சொல்லிவிட்டு வந்தான்.

இருபது ஹெட்போனும் ஒரு கணக்கும்

படித்த படிப்பு அப்போதுதான் உதவியது. ஒரு ஹெட்போன் 32 ஓம். இருபதையும் நேராகப் பக்க இணைப்பில் கொடுத்தால் மொத்தம் 1.6 ஓம்தான். 8 ஓம் ஸ்பீக்கருக்கான நம் ஆம்ப்ளிஃபயர் புகைந்துபோகும். அதனால் ஒவ்வொரு ஹெட்போனோடும் தொடரிணைப்பில் ஒரு 220 ஓம் மின்தடை வைத்தோம். ஒன்றுக்கு 252 ஓம், இருபதுக்கு 12.6 ஓம். ஆம்ப்ளிஃபயர் சாதுவாக வேலை செய்தது. இன்னொரு லாபமும் உண்டு. யாராவது ஒருவரின் ஒயர் ஷார்ட் ஆனாலும் மற்ற பத்தொன்பது பேருக்கும் பாட்டு நிற்காது. ஓம் விதியை மூன்று வருடமாகப் பரீட்சையில் எழுதியிருக்கிறேன். அது ஒரு மனுஷனுக்கு உபயோகப்பட்டதைப் பார்த்தது அன்றைக்குத்தான். ஒவ்வொரு கட்டில் தலைமாட்டிலும் சத்தத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு திருகும் வைத்தோம்.

நடைமுறை இதுதான். மதியம் இரண்டரைக்கு நோட்டோடு படுக்கை படுக்கையாகப் போவது. மூன்றரையிலிருந்து ஐந்து வரை பாட்டு. நடுவில் ஹெட் சிஸ்டர் ஐந்து நிமிடம் பேசுவார். சர்க்கரை உள்ளவர்கள் தினமும் உள்ளங்காலைப் பார்க்கவேண்டும், வெறுங்காலோடு நடக்கக்கூடாது. காசநோய் மாத்திரையை இருமல் நின்றதும் பாதியில் விட்டுவிடக்கூடாது, டாக்டர் நிறுத்தச் சொல்லும் வரை சாப்பிடவேண்டும். காப்பீட்டு அட்டைக்கு எந்த கவுண்டர்... இப்படி. ரவுண்ட்ஸில் வேக வேகமாகச் சொன்னபோது புரியாதது, ஹெட்போனில் நிதானமாகக் கேட்டபோது புரிந்தது என்று பலர் சொன்னார்கள்.

சில கட்டுப்பாடுகளும் வைத்துக்கொண்டோம். மைக்கில் பெயரும் ஊரும் மட்டும் சொல்வது. என்ன வியாதி, எப்படி அடிபட்டது என்பது வாயில் வரக்கூடாது. வார்டில் யாருக்காவது உடம்பு மோசமானால் அந்த நொடியே நிறுத்துவது. ஹெட்போனை ஒருவரிடமிருந்து வாங்கி இன்னொருவருக்குக் கொடுக்கும்முன் ஸ்பிரிட்டால் துடைத்து, காதுப் பஞ்சுறையை மாற்றுவது.

ஊழியர்களுக்கும் இது வானொலிதானே? ஒருநாள் அம்மாவிடம், “உனக்கு என்ன பாட்டும்மா வேணும்?” என்று நோட்டும் கையுமாகக் கேட்டேன். அம்மா யோசித்துவிட்டு, “பாட்டெல்லாம் வேணாம்யா. தரை ஈரமா இருக்கு, அஞ்சு நிமிசம் யாரும் நடக்காதீகன்னு சொல்லு. ஒரே எடத்த மூணு தடவ தொடைக்கிறேன்” என்றார். சொன்னோம். அன்றைக்கு ஒருவரும் நடக்கவில்லை. அதிலிருந்து அது எங்கள் வாராந்தர அறிவிப்பானது.

“எல்லார் கையிலும் போன் இருக்கே!”

இந்தக் கேள்வியைக் கேட்காத ஆளில்லை. நியாயமான கேள்விதான். நாங்கள் போன வார்டில் ஒரு ஞாயிறு எண்ணிப் பார்த்தோம். இருபது படுக்கையில் ஏழு பேரிடம் பாட்டுக் கேட்கிற மாதிரியான போன் இல்லை. இருப்பவர்களுக்கும் சார்ஜ் போட வாசல் பக்கம் ஒரே ஒரு பிளக். மாவுக்கட்டோடு காலைத் தொங்கவிட்டுப் படுத்திருப்பவர் அங்கே எப்படிப் போவார்?

சரி, எல்லாருக்கும் போன் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். போன் பாடும். ஆனால் பக்கத்தில் வந்து நின்று, “அய்யா, சாப்பிட்டீங்களா? உங்களுக்கு என்ன பாட்டு வேணும்?” என்று கேட்குமா? ஆஸ்பத்திரியில் நோயாளியிடம் எல்லாரும் கேள்வி கேட்கிறார்கள். வலி எங்கே, மலம் போச்சா, கூட யார் இருக்கா, ஆதார் எங்கே... எல்லாம் தேவையான கேள்விகள்தான். “உனக்குப் பிடித்தது எது?” என்ற கேள்விதான் அங்கே இல்லை. அந்தக் காலத்தில் இலங்கை வானொலியில் வரிசையாகப் பெயர்களை வாசிப்பார்களாம். தன் பெயர் வராதா என்று ஊரே காத்திருக்கும் என்பாள் என் அப்பத்தா. அந்தக் காத்திருப்பை நான் வார்டில் நேரில் பார்த்தேன். பாட்டு ஒரு சாக்குத்தான். நோட்டோடு போய்க் கட்டிலருகில் நிற்கிறோமே, அதுதான் வானொலி.

டிக் விழாத ஒரு வரி

இப்போது புகாருக்கு வருகிறேன்.

பதினோராவது ஞாயிறு. பதினான்காம் நம்பர் படுக்கையில் ஒரு பெரியவர். சர்க்கரையால் ஒரு கால் முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். பார்க்க வருவதற்கு ஆள் இல்லை. முதல் இரண்டு வாரம் எங்களிடம் பேசவே இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்குத்தான் தானாகக் கூப்பிட்டு, “தம்பி, வில்லுப்பாட்டு இருக்கா?” என்றார். எங்களிடம் இல்லை. “அடுத்த ஞாயித்துக்கெழம கண்டிப்பா கொண்டு வர்றோம் அய்யா” என்றேன். தன் பெயரையும் ஊரையும் சொல்லி, எழுதும்போது எட்டிப் பார்த்து, “ஊருப் பேருல அந்த ‘புரம்’ விட்டுப்போச்சு” என்று திருத்தினார். சின்ன வயதில் ஒரு குழுவில் குடம் அடித்தவராம்.

அடுத்த ஞாயிறு நாங்கள் போகவில்லை. செமஸ்டர் தேர்வு. அதற்கடுத்த ஞாயிறும் இல்லை. அதற்கடுத்து ப்ராக்டிகல், பிறகு விடுமுறை, அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டோம். “பரீட்சைப்பா, யார் என்ன சொல்லப் போறாங்க” என்று எல்லாரும் நினைத்தோம். நானும் நினைத்தேன். வில்லுப்பாட்டு என் பென் டிரைவில் பத்திரமாக இருந்தது.

ஒருநாள் ராத்திரி டூட்டி முடிந்து வந்த அம்மா, சோறு போட்டுக்கொண்டே சொன்னார். “பதினாலாம் நம்பர் பெருசு இன்னிக்கு வீட்டுக்குப் போயிருச்சு. மூணு ஞாயிறா ரெண்டு மணிக்கே சட்டையப் போட்டு உக்காந்திருந்துச்சு. ‘ரேடியோப் பிள்ளைக வரலையா, ரேடியோப் பிள்ளைக வரலையா’ன்னு எங்கிட்டத்தான் கேட்டுச்சு. எம் மகந்தான் அதுல ஒருத்தன்னு நான் சொல்லல.”

எனக்குச் சோறு இறங்கவில்லை. “பரீட்சைம்மா...” என்று இழுத்தேன்.

“பரீட்சை முக்கியம். நான் இல்லேங்கல. ஆனா சொன்னா வரணும். வரமுடியலேன்னா, வரமாட்டோம்னு சொல்லணும். எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தாக்கூட நான் போய்ச் சொல்லியிருப்பேன்ல?”

அன்று முதல் ஞாயிறு நான் அம்மாவைத் தெரியாத மாதிரி நின்றேன். இப்போது அம்மா என்னைத் தெரியாத மாதிரி நிற்கவேண்டி வந்தது. எந்த வெட்கம் நியாயமான வெட்கம் என்று நீங்களே சொல்லுங்கள்.

இனி என்ன செய்யலாம்?

நம்மைப் போன்ற மாணவர்கள் பொதுச்சேவைக்குப் போகும்போது ஒரு எண்ணத்தோடு போகிறோம். “சும்மா செய்றோம், காசா வாங்குறோம், முடிஞ்சப்போ செய்வோம்” என்ற எண்ணம். இது தப்பு என்பதுதான் என் கருத்து. காசு வாங்காத வேலைக்குத்தான் நேரம் தவறக்கூடாது. ஏனென்றால் காத்திருக்கிறவர் நம்மைக் கேட்க முடியாது. அவருக்கு ரசீது கிடையாது, புகார்ப் பெட்டி கிடையாது. நம் வார்த்தை ஒன்றுதான் அவர் கையில் இருக்கிறது.

அதற்காகப் பரீட்சையை விடச் சொல்லவில்லை. முதல் தலைமுறையாகப் படிக்கிறவனுக்கு ஒரு அரியர் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். அது என் ஒருவனின் அரியர் இல்லை, வீட்டுக்கே அரியர். ஆனால் ஏப்ரலிலும் அக்டோபரிலும் தேர்வு வரும் என்பது சேரும் அன்றைக்கே தெரிந்த விஷயம். திடீர் மழையா அது? அதற்குத் தகுந்த மாதிரி நாம்தான் திட்டமிட்டிருக்க வேண்டும்.

பேரவைக்கு என் யோசனைகள் இவை:

ஒன்று: எட்டுப் பேர் உற்சாகமாக ஆரம்பித்து, எட்டுப் பேரும் சேர்ந்தே களைத்துப் போனோம். எல்லாத் துறையிலிருந்தும் 24 பேர் வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கு நான்கு பேர் என்றால் ஒருவருக்கு ஆறு வாரத்துக்கு ஒருமுறைதான் முறை வரும். இது யாருக்கும் பாரம் இல்லை. தோழியர்கள் அவசியம் வரவேண்டும். பிரசவ வார்டில் எங்களுக்கு இடமில்லை, அங்கேயும் கேட்க ஆசைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்.

இரண்டு: இந்த 24 பேரில் பாதிக்கு மேல் முதலாம், இரண்டாம் ஆண்டாக இருக்கவேண்டும். இறுதியாண்டு போனதும் ஒயரும் பெட்டியும் ஸ்டோர் ரூமில் தூங்கக்கூடாது.

மூன்று: தேர்வுக்கு இரண்டு வாரம் முன்பே ஒவ்வொரு கட்டிலிலும் வாயால் சொல்லவேண்டும். “இந்தத் தேதி வரை வரமாட்டோம், இந்தத் தேதி வருவோம்.” இதையே ஒரு பலகையில் எழுதி சிஸ்டர் மேஜைக்கு மேலே மாட்டவேண்டும். அந்த வாரங்களுக்கு நிகழ்ச்சியைப் பதிவு செய்து பென் டிரைவில் கொடுத்துவிட்டால், பட்டனை அழுத்த அங்கே ஆள் உண்டு. என் அம்மாவே அழுத்துவதாகச் சொல்லியிருக்கிறார்! வீட்டிலிருந்தே நிகழ்ச்சி அனுப்பினார்களே 2020-ல், அவர்களிடம் நாம் கற்றுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

நான்கு: ஆண்டு விழாவுக்கு இன்னிசைக் குழு வைக்கிறோம். வைக்கட்டும், நானும் ஆடுவேன். அந்தச் செலவில் ஒரு சிறு பங்கை ஒதுக்கினால் ஹெட்போன், பஞ்சுறை, ஸ்பிரிட் எல்லாம் வருடம் முழுக்கத் தாராளமாக வாங்கலாம்.

ஏப்ரலில் நான் தேர்வெழுதிவிட்டு வெளியே போகிறேன். ஆம்ப்ளிஃபயர், ஒயர், இருபது ஹெட்போன் (இரண்டு சரியில்லை, பழுது பார்க்கவேண்டும்), அந்த நோட்டு எல்லாவற்றையும் பேரவை அறையில் ஒப்படைத்திருக்கிறேன். நோட்டில் ஒவ்வொரு விருப்பத்துக்கும் எதிரே ஒரு டிக் இருக்கும். கடைசிப் பக்கத்தில் ஒரு வரிக்கு மட்டும் இருக்காது. அதை அடிக்கவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். அடுத்து எடுத்து நடத்துகிறவர்கள் முதலில் அந்த வரியைப் படித்துவிட்டு ஆரம்பியுங்கள்.

முதலாம், இரண்டாம் ஆண்டுத் தம்பி தங்கைகளே! பேரவை அறை வாசலில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறேன். வருவதாக இருந்தால் மட்டும் பெயர் எழுதுங்கள். எழுதினால் வாருங்கள்!